சாயங்காலம் வருகிறவள்

என் கணவர் சேலம் – ஏற்காடு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், மலைப்பாதை வளைவொன்றில் பனி மூடியிருந்தபோது வண்டியை நிறுத்திவிட்டுக் கண்டக்டரிடம் கேட்டாராம்: "ஏப்பா, நாம மேல போறமா, கீழ எறங்கறமா?" பஸ் நிறைய ஆட்கள். ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டக்டர் என்னிடம் வந்து சொன்னார்.

ஏற்காட்டு வீட்டிலிருந்து அவரைச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மூன்று வார்த்தைகள் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒன்றுகூட வரவில்லை. "இனிமே என்னாகும்னு மறைக்காம சொல்லுங்க" என்றார் இவர்.

"இப்போதைக்குப் புதுசா நடக்கறது மறக்குமுங்க. அப்புறம் வழி. அப்புறம் ஆளுங்க முகம். கடைசியா உங்க சம்சாரம்" என்றார் டாக்டர். "சில பேருக்கு இப்படியே நின்னும் போகும். யாருக்கு எப்படின்னு உறுதியா சொல்ல முடியாதுங்க."

நின்றும் போகும் என்றது என் காதில் தங்கவே இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் தங்கியது. தினமும் வீட்டு வேலை முடிந்து விளக்கைப் போட்டதும் அவர் எதிரே உட்கார்ந்து, "நான் யாருங்க?" என்று கேட்பேன். முதலில் சிரிப்பார். பிறகு பதில் வரத் தாமதமாயிற்று. பக்கத்துக் கடைக்குப் போனவரை, மலையில் வேறொரு ஊரான மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாம் டாக்டர் சொன்ன வரிசைப்படியே வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தார்.

"மெதுவாப் பேசு. சாயங்காலம் ஒருத்தி வர்றா பாரு, அவள ஊட்டுக்குள்ள உடாத."

"யாருங்க அது?"

"உன்ன மாதிரியே இருக்கறா. உன் சீலையத்தான் கட்டிக்கிட்டு வர்றா. ஆனா நீ இல்ல."

வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என்னையறியாமல் போய்த் தாழ் போட்டேன்.

"வந்து என்னங்க பண்றா?"

"எதுக்க ஒக்காந்து என் மூஞ்சியவே பாக்கறா. நான் எப்ப மறப்பேன்னு காத்துக்கிட்டிருக்கறா. நொம்பப் பயமா இருக்குது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அன்றிலிருந்து கேட்பதை விட்டேன். சாயங்காலங்களில் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பேன். அவரும் கூட உரிப்பார். அவள் வருவது குறைந்தது. அடியோடு நின்றதென்று சொல்ல மாட்டேன். சில நாள் என் நிழலைப் பார்த்தே நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்வார். டாக்டரிடம் சொன்னபோது, "இத நான் எதிர்பார்க்கலீங்க" என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இவர் இறந்துபோனார். அன்று காலை என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீதான?" என்றார்.

"நான்தானுங்க" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.