கோனுக்குள் செருகிய சீட்டு

காலையில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் மாரப்பன் நூல் கோன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பான். அடிக்குழிக்குள் அவனே எழுதிச் செருகிய துண்டுச் சீட்டு இருக்கும். இரண்டு விரலால் இழுத்து, உதடு அசையப் படித்து, மறுபடி உள்ளே தள்ளுவான். பிறகுதான் நூல் கோப்பான். கோனின் நிறத்தைப் பார்ப்பதே இல்லை.

"என்னண்ணே, கோனுக்கெல்லாம் பேரு வச்சுத் தொட்டில்ல போடுதியளா?" என்பாள் அடுத்த மிஷின் செல்லத்தாய், தெற்கத்திக்காரி.

மாரப்பன் சிரித்து மழுப்புவான். பச்சையும் பழுப்பும் தனக்கு ஒன்றுபோலத் தெரிவதை அவன் மண்ணரை பனியன் கம்பெனியில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கோன் வரும் பெட்டியில் அச்சடித்த நிறப் பெயரைப் பார்த்துத்தான் சீட்டு எழுதுவான். சொன்னால் மிஷின் போய்விடும்.

தொண்ணூற்றிரண்டில், ஆயுத பூசைக்காகக் கம்பெனியைக் கழுவித் துடைத்தார்கள். பூசை முடிந்து வேலைக்கு வந்தால், கோன்களுக்குள் சீட்டு இல்லை.

"குப்பையா அடைஞ்சு கெடந்துச்சுண்ணே, நான்தான் கூட்டித் தள்ளுனேன்" என்றாள் செல்லத்தாய், நல்லது செய்த முகத்தோடு.

எது பச்சை என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து மாட்டினான். மத்தியானத்துக்குள் இலைப்பச்சை டீ-சர்ட் நூற்றைம்பது, பழுப்பு நூலில் தைத்து அடுக்கியிருந்தது.

முதலாளி லிங்கசாமி ஒன்றை விரித்துப் பார்த்தார். "ஏப்பா, காலங்காத்தால தண்ணி போட்டுட்டு வந்துட்டியா?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க மொதலாளி."

"அப்பக் கண்ணுலதான் கோளாறு. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. கண்ணு ஆகாதுன்னா இங்க வேலை இல்லீப்பா."

பக்கத்து ராயபுரத்தில் கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மாரப்பன் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தான். அப்புறம் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஓர் அட்டை.

"இதுல என்ன நம்பர்?"

"நம்பருங்களா? வெறும் புள்ளிதானுங்க இருக்குது."

டாக்டர் காகிதத்தில் ஒரு கண்ணை வரைந்தார். "முன்னால இருக்கிற கருவிழி தெளிவா இருக்கு. உள்ள லென்சு, அதுல புரை இல்லை. பின்னால உள்சுவர்ல ஒட்டுன மாதிரி விழித்திரை. அதுல மங்குன வெளிச்சத்துல பாக்க ஒரு வகைச் செல், நிறம் பிரிக்க இன்னொரு வகை. உங்களுக்கு சிவப்பு, பச்சையைப் பிரிக்கிற செல் பிறவியிலேயே சரியில்லை."

"கண்ணாடி போட்டாச் சரியாகுங்களா?"

"ஆகாது. ஆனா, இதுக்கு மேல மோசமும் ஆகாது. உங்க பார்வை ரொம்பக் கூர்மை. இது அம்மா வழியா வர்றதுங்க. ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்."

லிங்கசாமி டாக்டர் சீட்டை இரண்டு தரம் படித்தார். மாரப்பன் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னான். "கலர் இல்லாத துணி குடுங்க மொதலாளி. அதுல தப்பு வந்தா நானே போயிடறனுங்க."

அவர் சாயம் போடாத துணி ஒன்றை மேசையில் உதறினார். மாரப்பன் குனிந்து பார்த்தான். நீளவாக்கில் மயிரிழையாக ஓடிய கோடு ஒன்றின் மேல் விரல் வைத்தான்.

"துணி பின்னுன மிஷின்ல ஊசி ஒடஞ்சிருக்குதுங்க."

"இது நேத்து ரெண்டு பேரு பாத்து உட்டதுப்பா" என்றார் லிங்கசாமி. மறுநாளிலிருந்து அவனுக்குத் துணி செக்கிங்.

"என்கிட்டச் சொல்லியிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பேனேண்ணே" என்ற செல்லத்தாய், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொங்கலுக்குச் சொந்த ஊர் குன்னத்தூர் போனபோது, டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னான். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"எங்கப்பன், உன்ற அப்புச்சி, மொளகாய்க் காட்டுல பழத்தோட பச்சைக் காயையும் சேத்துப் பறிச்சுப் போடுவாரு கண்ணு. வேணும்னே பண்றார்னு காட்டுக்காரங்க திட்டி, பருத்திக் காட்டுக்கு மாத்தி உட்டாங்க. சாகற வரைக்கும் வெள்ளைப் பருத்தி மட்டுந்தான் எடுத்தாரு."