மனைவி சுற்ற நான் கேட்ட இசை

நோர்வேயில் மகளோடு நான் இருக்கும் சிறு நகரத்தின் நூலகத்தில் இசைத்தட்டுகளையும் இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஓர் அட்டையில் அபிப்பிராயம் எழுதி வைக்கலாம். இலங்கையில், வன்னியின் ஸ்கந்தபுரத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவனிடம் அட்டையைக் கொடுத்தால் வேறென்ன செய்வான்? மார்க் போட்டேன். ஒரு ஜாஸ் தொகுப்புக்கு நாற்பத்தொன்று: ‘நால்வரும் கெட்டிக்காரர், ஆனால் ஒருவரையொருவர் முன்பு சந்தித்ததில்லை போலிருக்கிறது.’ மெட்டல் இசைக்குப் பதினெட்டு: ‘பாடகர் முதலில் தொண்டையை வைத்தியரிடம் காட்டட்டும்.’ தேவாலய ஓர்கன் இசைக்கு எழுபது: ‘ஒழுக்கம் உண்டு. சிரிக்கத் தெரியாது.’

நூலகப் பெண் அட்டைகளை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கண்டிக்கப்போகிறாள் என்று பயந்து மெட்டலுக்கு இரண்டு மார்க் கூட்டிக் கொடுத்தேன். அவள் கேட்டது வேறு: “உங்கள் மனைவிக்கு எந்த இசை பிடிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. கலியாணம் கட்டி நாற்பத்தாறு வருடம்.

சண்டைக் காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கு அரசாங்கத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேப் றெக்கோடருக்கு வயர் இழுத்துக் கசற் கேட்போம். ‘கேட்போம்’ என்று எழுதுவது பொய். சுற்றியது மனைவி; கேட்டது நான். அதுவும் கர்நாடக இசை மட்டும். அவாவின் கை சோர்ந்தால் வித்துவானின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். “சுருதி விலகுது, கெதியாச் சுத்தும்” என்பேன். கை நோகுதோ என்று ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து வளவில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய லட்சுமி குடும்பம் பைலா என்ற ஆட்டப் பாட்டைப் போட்டால், காட்டுக் கூச்சல் என்று யன்னலைச் சாத்துவேன்.

மனைவி இங்கே இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு, வயலைப் பார்க்க வேண்டும் என்று ஸ்கந்தபுரத்துக்கே திரும்பிவிட்டா. என்னை இருதய வைத்தியர் விடவில்லை. நூலகப் பெண் கேட்டதற்கு மறுநாள் காலை மனைவியை அழைத்தேன். அங்கே மத்தியானம்.

“இஞ்சாரும், உமக்கு என்ன மாதிரிப் பாட்டு விருப்பம்?”

“டொக்டர் ஏதும் சொன்னவரோ?”

“இல்லையப்பா. சும்மா கேக்கிறன்.”

“சும்மா கேக்கிற ஆளோ நீங்கள். பிள்ளையிட்டக் குடுங்கோ.”

மகள் வேலைக்குப் போய்விட்டாள், எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பவைக்க ஐந்து நிமிடம் பிடித்தது. பிறகு சொன்னா: “பைலாதான். லட்சுமியக்கா தந்த கசற். நீங்கள் பள்ளிக்கூடம் போனாப்பிறகு, தீர்ந்த பழைய பற்றரியை வெயிலில காயவைச்சுத் திரும்பப் போட்டுக் கேட்டனான்.”

“வீட்டில பற்றரி இருந்ததோ? பிறகேன் சைக்கிள் சுத்தினனீர்?”

“உங்கட பாட்டுக்குப் போட்டா பற்றரி தீர்ந்துபோயிடுமெல்லே.”

இப்போதும் சமைக்கும்போது பைலா கேட்பதாகச் சொன்னா. எனக்கும் போடச் சொன்னேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்தா. பாடகர் சுருதியைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. அது குறையாகவும் தெரியவில்லை.

“அந்த நாளில நான் பிழை விட்டிட்டன்,” என்றேன். “உமக்குக் கை நொந்திருக்கும். மன்னிச்சுக்கொள்ளும்.”

பதிலுக்கு ஒரு கோழி கொக்கரித்தது. மனைவி குசினிக்குள் போயிருப்பா, கோழியிடம்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

“கேட்டது,” என்றா. “பாட்டு முடியட்டும். கதையாதேங்கோ.”

கதைக்கவில்லை. அவா மேசையில் விரலால் தாளம் போடுவது கேட்டது. வெளியே புறப்பட்ட பாதியில் அழைத்ததால், ஒரு காலில் பனிச் சப்பாத்தும் மற்றதில் வெறும் காலுறையுமாக இருந்த நானும் சேர்ந்து காலால் தட்டினேன். போனுக்குள்ளால் பாட்டு கடல் தாண்டி வரக் கொஞ்சம் சுணங்கும். ஸ்கந்தபுரத்தில் அவாவின் விரல் விழுந்து எழும்பிய பிறகுதான், ஒவ்வொரு முறையும், என் கால் இங்கே நிலத்தைத் தொட்டது.