அக்கா கண்மூடிய வீடு

அக்காவின் முப்பத்தோராம் நாளில் இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, இதை வாசிப்பது உங்களுக்கு இனிக்காது.

அக்கா உப்புவெளியில் பிறந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா இளவயதிலேயே காலமானார். அக்கா ரியூசன் கொடுத்து என்னைப் படிப்பித்தார். திருமணம் வேண்டாமென்று முடிவெடுத்து, தமக்குச் சேர வேண்டிய வீட்டை எனக்குச் சீதனமாக எழுதித் தந்தார். வாடகை அறையில் இருந்தபடியே பல்கலைக்கழக விரிவுரையாளரானார்.

வீடற்றவர்களைப் பற்றியதே அவரது ஆய்வு. பஸ் நிலையத்திலும் கடை வாசல்களிலும் படுத்திருந்தவர்களோடு வருடக்கணக்காக இருந்து கதைத்தார். கூரை போவதற்கு முன்பே உறவுகள் போய்விடுகின்றன என்று எழுதினார். "பிச்சைக்காரரோடை இருந்து பட்டம் எடுக்கிறாளாம்" என்று கலியாண வீடுகளில் சிரித்தீர்கள். என் கணவரும் சிரித்தார். நான் வாய் திறக்கவில்லை.

குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த றஹீமா அந்த ஆய்வில்தான் அக்காவுக்கு அறிமுகமானார். கணவர் இறந்தபின் சகோதரர்கள் ஏற்க மறுத்ததால் பஸ் நிலையத்தில் படுத்திருந்தவர். அக்கா பிரதேச செயலகத்துக்கும் அந்தச் சகோதரர்களிடமும் நடையாய் நடந்தார். கடைசியில் றஹீமாவின் பெற்றோர் விட்டுச்சென்ற காணித்துண்டில் அவருக்கு ஒரு சிறு வீடு எழுந்தது.

இவ்வாண்டு அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியது. அறையின் சொந்தக்காரர் வெளியேறச் சொன்னார். மாமா, "வீட்டிலை இடம் காணாது" என்றீர்கள். சித்தி, நீங்கள் தொலைபேசியையே எடுக்கவில்லை. அக்கா என்னிடமும் இடம் கேட்டார்.

"மகளின்ட சோதினை முடியட்டும் அக்கா, இப்ப ஏலாது" என்றேன்.

"ஓம், பிள்ளை படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

கேள்விப்பட்ட றஹீமா ஆட்டோவோடு வந்தார். "டீச்சர், என்ட ஊட்ட வாங்க. ஒரு அறதான், ஒங்களுக்கு இடமிரிக்கி" என்றாராம். நான்கு மாதம் கஞ்சி பருக்கியவரும், உடல் துடைத்தவரும், வலியில் துடித்தபோது கையைப் பிடித்திருந்தவரும் அவரே. அக்கா அந்த வீட்டிலேயே கண்மூடினார்.

அதன்பின்தான் உங்களுக்குக் குடும்ப மானம் நினைவுக்கு வந்தது. "பிரேதம் எங்கட வீட்டிலை இருந்துதான் எடுக்க வேணும்" என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். உயிரோடு நான் ஏற்காத அக்கா, தாம் எழுதித் தந்த வீட்டுக்குப் பெட்டியில் வந்தார். வாசல் படலையடியில் அழுதுகொண்டு நின்ற றஹீமாவைப் பார்த்து, "ஆர் இவ? உள்ளை விடாதேங்கோ" என்றீர்கள். அப்போதும் நான் பேசாமல் நின்றேன்.

பந்தல் போட்டவர்கள், மலர்வளையம் கொண்டுவந்தவர்கள் என்று, இம்மலரில் நன்றி சொல்ல ஒரு பெயர்ப்பட்டியலை மாமா எழுதித் தந்தார். அதை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

றஹீமா, என் அக்காவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. வேறு எவருக்கும் நான் நன்றி சொல்லப் போவதில்லை. எனக்கும் எவரும் சொல்ல வேண்டாம்.

– தங்கை