சிவப்பு நூல் கட்டிய செயின்

பூந்திக்கொட்டை நுரைக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. முதல் நாள் இரவே எவர்சில்வர் கிண்ணத்தில் ஊறப்போட்ட கொட்டைகளை அம்மா காலையில் பிசைந்து நுரை எழுப்பும்போது அந்த வாசனை சமையலறை முழுக்கப் பரவும். இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால், யாரோ வீட்டில் நகை கழுவுகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும், தலைக்குத் தேய்ப்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.

அம்மாவின் நகை கழுவலுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஜலதாரை ஓட்டையைப் பழந்துணி வைத்து அடைத்த பிறகுதான் நகைப் பெட்டி திறக்கும். தங்கம் நுரைக்குள் போகும், தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கப்படும், தட்டில் வைத்த நல்ல தண்ணீரில் அலசப்படும். கல் வைத்த கம்மலுக்குக் குளியல் கிடையாது. "கல்லுக்குப் பின்னாடி தண்ணி பூந்துச்சுன்னா அழுது வடியும், அப்புறம் எந்தக் கடைக்காரனாலயும் சிரிக்க வைக்க முடியாது" என்று சொல்லி, ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வாள். அங்கன்வாடிச் சம்பளத்தில் வாங்கிய நகை என்பதால் அப்பாகூட அதைத் தொடுவதற்கு முன் அம்மாவைக் கேட்பார்.

அந்தப் பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு கோதுமைச் செயின்கள் இருந்தன. ஒன்று மூன்று சவரன் தங்கம். மற்றது கவரிங், அதே மாதிரி பார்த்துத் தேடி வாங்கியது. திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் கொள்ளாத கூட்டம் மலையைச் சுற்றும்போது தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நெரிசலுக்குள் போகிறவள் பைத்தியக்காரி. வெறுங்கழுத்தாகப் போகவும் மனசு வராது. அதனால் எங்கள் தெருவில் வசதியுள்ள பெண்கள் எல்லாரிடமும் ஒரு "மலை சுத்துற செயின்" இருந்தது. அம்மா தன்னுடையதன் கொக்கியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். நூல் இருந்தால் கவரிங், இல்லாவிட்டால் தங்கம்.

எனக்குப் பத்து வயது நடந்த கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு நகை கழுவினோம். கவரிங் அப்போதுதான் புதிதாக முலாம் போட்டு வந்திருந்தது, ஆகவே இரண்டும் ஒரே மாதிரி மின்னின. பழைய நூல் அழுக்கேறிவிட்டது என்று அம்மா அதை வெட்டிப் போட்டுவிட்டு, "துடைச்சிட்டு, கவரிங்குக்குப் புது நூலு கட்டி ரெண்டையும் உள்ள வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வந்து இறங்கிய சொந்தக்காரர்களைக் கவனிக்கப் போய்விட்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பெரிய மனுஷி மாதிரி துடைத்தேன், கட்டினேன், வைத்தேன். எதில் கட்டுகிறேன் என்று ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை.

தீபத்தன்று காலையில் பக்கத்துப் போர்ஷன் சரோஜா அத்தை வந்து நின்றாள். கணவனை இழந்தவள், தையல் வேலை செய்து ஒரே மகள் ரேவதியைப் படிக்க வைத்தவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தீபம் பார்க்க வருகிற ஒரு குடும்பம், அப்படியே மத்தியானம் ரேவதியையும் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தது.

"அக்கா, உங்க மலை சுத்துற செயினக் குடுங்க. பொண்ணு கழுத்து வெறுமனே இருக்கு. சாயந்தரம் தந்துடறேன்."

அம்மாவின் கையெல்லாம் பொரி உருண்டைப் பாகு. "கலா, அந்த நூலு கட்டினத எடுத்து அத்தைகிட்ட குடு" என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

சாயந்தரம், மலையுச்சியில் தீபம் ஏற்ற இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள். சரோஜா அத்தை எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ரேவதியின் செயினைத் தொட்டுப் பார்த்து, எத்தனை சவரன் என்று கேட்டிருக்கிறாள். அத்தை ஒளிவுமறைவில்லாமல், "கவரிங்தாங்க. நகையெல்லாம் இனிமேதான் சேர்க்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் செயினை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள், கொக்கியைத் திருப்பி, அதிலிருந்த கடை முத்திரையைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது.

"எங்களப் பார்த்தா எப்படி இருக்கு உங்களுக்கு? ஜாஸ்தி கேட்டுடுவோம்னு இப்பவே மறைக்கிறீங்க. நாளைக்கு இன்னும் என்னென்ன மறைப்பீங்களோ" என்று சொல்லிவிட்டு, போட்டு வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்களாம்.

"நான் என்னக்கா பொய் சொன்னேன்?" என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அம்மா எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். உள்ளே இருந்த செயினைக் கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காற்று மாதிரி இருந்தது அது, கொக்கியில் முத்திரையும் இல்லை. திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற என்னிடம் அத்தைக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "நீதான கட்டுன?" தலையை ஆட்டினேன். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன், விழவில்லை. மாடியிலிருந்து அரோகரா சத்தம் கேட்டது. அந்த வருடத் தீபத்தை நாங்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். இரண்டு செயினையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் அந்த அம்மாளுக்கு எதிரே முடிச்சை அவிழ்த்து வைத்து, "ரெண்டும் என்னுதுதான். எது எதுன்னு நீங்களே பாருங்க. மாத்தி நூலு கட்டினது நாந்தான். சரோஜாவுக்கு இது தங்கம்னே தெரியாது" என்றாள்.

நாந்தான் என்றாள். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. இதை இன்று எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மாள் கைக்கு ஒன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"மொதல்லயே சொன்னாங்களே, கவரிங்னு" என்றாள் அம்மா.

எங்களுக்குக் காப்பி வந்தது. ஒரு வாரத்தில் சம்மதம் என்று தகவலும் வந்தது. சரோஜா அத்தை தெருவெல்லாம் கல்கண்டு கொடுக்கக் கிளம்பியபோதுதான், அதுவரை வாயே திறக்காத ரேவதி அக்கா வேண்டாம் என்றாள்.

"நீ சொன்னப்ப நம்பல. செயினக் காட்டினப்புறம் நம்புறாங்க. அந்த வீட்டுல நான் தெனமும் எதைக் காட்டிட்டு இருக்கிறது?"

அத்தை அவளோடு மாதக்கணக்கில் பேசவில்லை. வேறு வரனும் சீக்கிரம் அமையவில்லை. அடுத்தடுத்த தீபங்களுக்கு ரேவதி அக்கா அதே மாடியில் எங்களோடு நின்று மலையைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவள் டைப்ரைட்டிங் முடித்து, வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பதை நெருங்கும்போது கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதுவரை ஒவ்வொரு வருடமும் என் கணக்கில்தான் போகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்று நகை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, தற்பெருமையாகவே சொல்கிறேன். அலுவலகத்தில் யார் நகை வாங்கப் போனாலும் தேரடி வீதிக்கு என்னைக் கூட்டிப்போகிறார்கள். கல்லின் எடையைக் கழித்துப் பில் போடச் சொல்வேன். சேதாரம் எவ்வளவு என்று தெரியாமல் மாடலைப் பார்த்து மயங்க விடமாட்டேன். ஹால்மார்க் எண்ணைக் கடையிலேயே போனில் சரிபார்க்க வைப்பேன். சென்ட் அடித்துக்கொண்ட பிறகு நகை போடு, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் துணியில் சுற்றி வை, நின்றுபோன வாட்ச்சுக்குள் பழைய பேட்டரியை விட்டு வைக்காதே, கசிந்து எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வேன். ஒரே மாதிரி இரண்டு நகை மட்டும் வாங்கவே விடமாட்டேன். ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன மாதம் ரேவதி அக்கா தன் மகளுக்கு வளையல் வாங்க என்னைக் கூப்பிட்டாள். பில் வரட்டும் என்று கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இரண்டு போர்ஷனும் இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ் நிற்கிறது, தீபத்துக்கு அங்கே அறை கிடைப்பதே குதிரைக்கொம்பு என்று பேசிக்கொண்டிருந்தவள் நடுவே நிறுத்தினாள். அந்த இடைவெளியில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அக்கா, அன்னைக்கு நூலு மாத்திக் கட்டினது அம்மா இல்ல. நான்."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"நீயாடி? நல்ல வேலை பண்ண. இல்லன்னா நான் அந்த வீட்டுக்குப் போயிருப்பேன்."

பில் வந்தது. எடையைச் சரிபார்க்க வேண்டியவள் நான். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்ததால் அவளையே பார்க்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மா போய் நான்கு வருடமாகிறது.