வேனில் எழுதியிருந்த இலக்கம்

எங்கள் கொம்பனி வேன்களில் கமரா பூட்டிய நாளில் நான்தான் பெரிய ஆள். கண்டி நகரத்து ஓரத்தில் இருந்த களஞ்சியத்திலிருந்து பிஸ்கட்டும் சவர்க்காரமும் ஏற்றிக்கொண்டு ஒன்பது வேன்கள் ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு வேனிலும் இரண்டு கமரா. ஒன்று பாதையைப் பார்க்கும், மற்றது சாரதியைப் பார்க்கும். யார் கொட்டாவி விட்டது, யார் போன் பேசியது, எல்லாம் என் மேசைக் கணினியில் வந்து விழும். பன்னிரண்டு வருடம் பில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அது பதவி உயர்வு மாதிரி இருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பாஸ்வேர்ட் ஒன்று வையுங்கள், ஒருவராலும் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும் என்று கமரா பூட்ட வந்தவர் சொன்னார். எனக்கு அப்படி எதுவும் மண்டையில் நிற்காது. வேன்களின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் கொம்பனித் தொலைபேசி இலக்கத்தையே வைத்துவிட்டேன். முதலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் அதைச் சொல்லி, இனி மறக்கவே மாட்டீர்கள் என்று சிரித்தேன்.

அன்று மாலை, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வேலைக்கு வரும் சாரதி அண்ணன் என் மேசையருகில் வந்து நின்றார். நாவலப்பிட்டிப் பாதை அவருடையது. வந்தால் சாவியை மாட்டிவிட்டுப் பேசாமல் போகிற மனிதர்.

“தங்கச்சி, இதுல வர்றத யாரு பாக்கிறது?”

“நான் மட்டுந்தான் பாக்கிறேன் அண்ணே. நீங்க பயப்படாதீங்க.”

அதை நம்பித்தான் அவர் வாயைத் திறந்தார். சீனி வருத்தமாம், நீரிழிவு. ஒரு வருடமாக ஊசி. விடியுமுன் லயத்தை விட்டு இறங்குகிறவர், கெலிஓயா தாண்டி ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகுதான் ரொட்டி சாப்பிடுவாராம். கொம்பனிக் கந்தோரில் முதலாளிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகளுக்கு வத்தேகமப் பக்கம் ஒரு கல்யாண இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதுவரைக்குமாவது இந்த வேலை கையில் இருக்க வேண்டும் என்றார். என் வாயிலிருந்து ஒரு சொல் வராது என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரைப் பார்ப்பேன். வேன் நிற்கும். சட்டையை லேசாகத் தூக்கி ஊசியைப் போடுவார். கிளினிக்கில் கொடுத்த கொப்பியை எடுத்து அன்றைய திகதிக்கு நேரே ஒரு கோடு போடுவார். பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், கமராவைப் பார்த்து லேசாகச் சிரித்து ஒரு தலையாட்டு. போட்டுவிட்டேன் தங்கச்சி என்கிற மாதிரி. நானும் என் கதிரையில் இருந்தபடி தலையாட்டுவேன். அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் ஆட்டுவேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை.

இப்போது என் கூத்தைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் கடைக்காரர்களின் தொல்லை பெரிய தொல்லை. காலை எட்டு மணிக்கே போன் அடிக்கத் தொடங்கும். வேன் எங்கே, எத்தனை மணிக்கு வரும், ஆள் நித்திரையா என்று கேட்டு உயிரை வாங்குவார்கள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், இந்த இணையதளத்துக்குப் போங்கள், வேனில் எழுதியிருக்கிற நம்பரைப் போடுங்கள், வேன் நிற்கிற இடம் வரைபடத்தில் தெரியும், என் உயிரை எடுக்காதீர்கள் என்று ஒரு கடைக்குச் சொன்னேன். அடுத்த வாரம் இன்னும் மூன்று கடைகளுக்கு. போன் சத்தம் குறைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதே இலக்கம் வரைபடத்தை மட்டுமல்ல, கமராவையும் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, என் தங்கை வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பி, இது உங்கள் கொம்பனி வேனா என்று கேட்டாள். யாரோ கணினித் திரையைப் போனால் படம் பிடித்திருந்தார்கள். இருபது செக்கன்தான். அண்ணன் சட்டையைத் தூக்குகிறார், ஊசி போடுகிறார். கொப்பி எடுத்த இடத்தை வெட்டிவிட்டார்கள். நேரே கமராவைப் பார்த்து அவர் சிரித்துத் தலையாட்டுவதோடு முடிகிறது. கீழே எழுதியிருந்தார்கள்: போதைக் குடு அடித்துவிட்டு வேன் ஓட்டுகிறான், பிள்ளைகளை ரோட்டில் விடாதீர்கள்.

அந்தச் சிரிப்பு யாருக்கு என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதலாளி அவரைக் கூப்பிட்டார். அண்ணன் கொப்பியை விரித்துக் காட்டி, இது சீனிக்குப் போடுகிற ஊசி என்றார். முதலாளி நம்பினார். நம்பியும், ஊசியில் ஓடுகிற ஆளை மலைப்பாதையில் விட முடியாது என்று சம்பளக் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு முன்பே தெரியும் என்பதைப் பற்றி அண்ணன் மூச்சு விடவில்லை. நான் பக்கத்து மேசையில் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என்ன அடித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முழுப் பதிவு என் கணினியில் இருந்தது. கொப்பியில் கோடு போடுவது, ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவது, எல்லாம் அதில் இருந்தது. முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். எடுத்து வைத்திருக்கலாம். எடுத்தால் யார் எடுத்தது என்று பார்ப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பாஸ்வேர்டைக் கடைகளுக்குக் கொடுத்தது யார் என்பதற்கும் வந்துவிடுவார்கள். பயந்தாங்கொள்ளி நான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன்.

நாற்பது நாள் கழித்து அண்ணன் களஞ்சியத்து வாசலில் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். வத்தேகமக்காரர்கள் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்த வீடியோ அவர்கள் கைக்கும் போயிருக்கிறது என்றார். கொப்பியைக் காட்டியும் பார்த்தாராம். கொப்பி யாரும் எழுதலாம், முழு வீடியோவைக் காட்டுங்கள் என்றார்களாம்.

“அழிஞ்சு போச்சு அண்ணே,” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் ஒரு எட்டு கிட்ட வந்தார்.

“நீங்க பாத்தீங்கதானே தங்கச்சி? தெனமும் பாத்தீங்கதானே? ஞாயித்துக்கெழம வந்து அத மட்டும் சொல்லுங்க. கந்தோர்ல வேல செய்ற பொம்பளப் புள்ள சொன்னா நம்புவாங்க.”

வருகிறேன் என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன். வத்தேகம பஸ் நிலையத்தில் பத்து மணிக்கு நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை சேலை கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். தெரிந்தும் மறைத்தேன் என்று ஊருக்குள் போய்ச் சொன்னால், அது முதலாளி காதுக்கு வர எத்தனை நாளாகும்? பத்தேகாலுக்கு ஒருதரம் போன் அடித்தது. பதினொன்றுக்கு ஒருதரம். பன்னிரண்டரைக்கு ஒருதரம். மூன்று முறையும் திரையில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரைக்கும்.

அந்த இடம் தட்டிப்போனதாக மற்றொரு சாரதி சொன்னார். அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கு மறுநாள்தான் பாஸ்வேர்டை மாற்றினேன், எட்டு எழுத்தும் நான்கு இலக்கமும், ஒருவராலும் ஊகிக்க முடியாதது. இப்போது நாவலப்பிட்டிப் பாதையில் வேறொருவர் ஓடுகிறார். அவர் கமராவைப் பார்ப்பதே இல்லை.

நான் மட்டுந்தான் பார்க்கிறேன் என்று அண்ணனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அது அன்றைக்குப் பொய். பதிவு அழிந்த பிறகு அதுவே உண்மையாகிவிட்டது: அந்தக் காலைகளை முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.