"அப்பா தோர்"

சோல்வெய் ஹால்க்விஸ்ட், ஸ்வீடனில் எங்கள் ஹார்னோசாந்த் ஊர் நூலகத்தின் மொழி வட்டத்துக்கு முதலில் வந்தது 2016 செப்டம்பர் 8, வியாழக்கிழமை. வயது நாற்பத்தாறு, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஸ்வீடிஷ் பழக்குவது எங்கள் வேலை. பதிவேடு என் பொறுப்பு: யார் வந்தார்கள், யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதிவைப்பேன்.

சோல்வெய் பாடநூலைத் தொட்டதில்லை. இணையத்தில் எழுதும் கொச்சையையே சொல்லிக்கொடுத்தார். ஏ, எஸ், ஜி என்று மூன்றெழுத்துப் போட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறேன் என்று பொருள். 'தோர்' என்றால் சாவது. இணையத்தில் அதுவும் சிரிப்புதான். எங்கள் ஸ்வீடிஷில் நான் செத்தாலும் அவர் செத்தாலும் அந்த வினை மாறாது.

அவர் மேசைக்குத் தவறாமல் வந்தவர் எரித்ரியாக்காரரான மெப்ராத்து. முதியவர்களை வீடு தேடிப்போய்க் கவனிக்கும் வேலையில் சோதனைக் காலத்தில் இருந்தார்.

"இப்பதான் கூட வேலை பாக்கறவங்க எனக்கு பதில் போடறாங்க," என்றார் ஒருநாள்.

"முன்னாடி என்ன எழுதினீங்க?" என்றார் சோல்வெய்.

"மதிப்பிற்குரிய சக ஊழியருக்குன்னு ஆரம்பிப்பேன்."

"அடப்பாவி. வரி ஆபீஸ்னு நெனச்சு ஒளிஞ்சிருப்பாங்க."

2019 பிப்ரவரி 12 காலை, மெப்ராத்து தான் கவனித்துவந்த எவெர்ட் நூர்தினின் தொப்பியை வாசலில் ஒரு பனிப்பொம்மைக்கு மாட்டிப் படமெடுத்தார். முதியவருக்குக் காட்டச் சொல்லி அவர் மகள் அன்னெலிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். 11:40க்குப் பதில் வந்தது: "அப்பா தோர்." படம் பார்த்துச் சிரிக்கிறார் என்று எண்ணி, அந்த மூன்றெழுத்தைப் பதிலாகப் போட்டார். பிற்பகல் 2:10க்கு எவெர்ட் இறந்தார். அப்பா சாகிறார் என்று எழுதியதற்குச் சிரித்தார் என்று அன்னெலி புகார் கொடுத்தார்.

அந்த வாரம் வியாழனன்று மெப்ராத்து கைபேசியை மேசையில் வைத்தார். சோல்வெய் படித்தார். மேலங்கியை எடுத்துக்கொண்டு என்னிடம், "பதிவேட்டோட வாங்க," என்றார்.

அன்னெலியின் சமையலறையில் 2018 நவம்பர் 22ஆம் தேதிப் பக்கத்தை நான் திறந்துவைத்தேன். 'தோர் = சிரிப்பு. கற்பித்தவர்: ஹால்க்விஸ்ட்.'

"தப்பு என்னோடது," என்றார் சோல்வெய். "மெப்ராத்துவுக்கு வேலை போகக்கூடாது."

அன்னெலி இருமுறை படித்தார். "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா அப்பா அன்னிக்கு ரெண்டு தடவ மெப்ராத்து எங்கன்னு கேட்டாரு. வந்துட்டிருக்கார்னு சொன்னேன். அதை என்ன பண்றது?"

சோல்வெய் பதிவேட்டை மூடினார்.

திரும்பும்போது காரில், "அவங்க அப்பா கேட்டதை மெப்ராத்துகிட்ட சொல்ல வேணாம்," என்றார் சோல்வெய். நான் சம்மதித்தேன். மார்ச் மாதம் மெப்ராத்துவின் வேலை நிரந்தரமானது. அதற்கடுத்த வியாழனன்று சோல்வெய் தாமே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், பாடநூலில் உள்ளதுபோல் முழு வாக்கியங்களில், நிதானமாக.

மெப்ராத்து கேட்டு முடித்து, "என்னை எத்தன மணிக்குக் கேட்டாரு?" என்றார்.

அது சோல்வெய்க்குத் தெரியவில்லை. நானும் குறித்துவைக்கவில்லை.