ஒரே ஒரு தெருவிளக்கு

மலேசியாவில் சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டமொன்றின் பொது மண்டபத்தில் மழைக்கு ஒதுங்குகிறேன். உள்ளே இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் தொழிற்சாலைச் சீருடையோடு ஓர் அக்கா மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

"கூட்டமா அக்கா?"

"ஆமாலா. மாவட்ட மன்றத்துல தெருவிளக்கு ஒண்ணு தராங்க. எங்க போடணும்னு இங்க இருக்கிறவங்களே கூடி முடிவு பண்ணணுமாம். இந்த லயத்து வீடுங்க நிறைய ஆளுங்க இருந்தப்ப எத்தனை தடவை கேட்டோம், எங்க முடிவ எங்ககிட்ட விடுங்கன்னு. இப்பதான் விட்டிருக்காங்க."

"மத்தவங்க எப்ப வருவாங்க?"

"எல்லாரும் ஈப்போ டவுன் பக்கம் குடிபோயிட்டாங்க தம்பி. நான் மட்டும்தான் இருக்கேன்."

"அப்போ உங்க வீட்டு வாசல்லயே போட்டுக்கலாமே."

"வேணாம்லா. மெயின் ரோட்டு முனையில போடணும். அப்பதான் போறவங்களுக்கு உள்ள ஆளு இருக்குன்னு தெரியும்."

எழுந்து நின்று வலது கையைத் தூக்குகிறார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரனான நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

"யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?"

கேலியாகக் கேட்கவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி, யாராவது ஒருவர் எதிர்த்துப் பேசமாட்டாரா என்று காத்திருக்கிறார்.